காரில் இரண்டாவது பேட்டரி: வாங்கும் முன் கணக்கு, வாங்கிய பின் ஒயரிங்

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரில் சப்வூஃபருக்கு 1200 வாட் மோனோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று, கதவு ஸ்பீக்கர்களுக்கு 4 சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. ராத்திரியில் பாஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது. இன்ஜினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. டிக்கியில் இன்னொரு பேட்டரி வைத்தால் இரண்டும் சரியாகுமா, எப்படி இணைப்பது, ஐசோலேட்டர் (இன்ஜின் நின்றிருக்கும்போது இரண்டு பேட்டரியையும் பிரித்து வைக்கும் கருவி) கட்டாயமா, கெப்பாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டென்று தரும் பாகம்) ஒன்று போட்டாலே போதும் என்கிறார்களே, அது உண்மையா?

பார்க்க ஒரே நோய் மாதிரி இருந்தாலும் இவை இரண்டு வேறு நோய்கள். ஸ்டார்ட் ஆகாததற்கு இரண்டாவது பேட்டரியும் ஐசோலேட்டரும்தான் மருந்து. ஹெட்லைட் மங்குவதற்கு இரண்டாவது பேட்டரி பாதி மருந்து மட்டுமே. மீதிப் பாதி ஆல்டர்னேட்டரிலும் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் பாகம்) கேபிளிலும் எர்த்திலும் (மைனஸை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பு) இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அளப்பேன், பிறகு எர்த்தையும் சார்ஜிங் கேபிளையும் தடிமனாக்குவேன், கடைசியாகத்தான் பேட்டரிக்குப் போவேன். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, இரண்டு பேட்டரி வைத்தும் விளக்கு மங்குகிறதே என்று குழம்புகிறார்கள்.

பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி போன்றது அது. தண்ணீரை ஏற்றுவது மோட்டார், அதாவது ஆல்டர்னேட்டர். இரண்டாவது தொட்டி கட்டினால் மோட்டார் நின்றிருக்கும்போது அதிக நேரம் தாங்கும், குழாயை ஒரு நொடி முழுசாகத் திறந்தாலும் அழுத்தம் சட்டென்று இறங்காது. ஆனால் நாள் முழுக்க மோட்டார் ஏற்றுவதைவிட நீங்கள் இறைப்பது அதிகம் என்றால், எத்தனை தொட்டி கட்டினாலும் ஒரு நாள் வற்றத்தான் செய்யும். அது மட்டுமல்ல, காலியான இரண்டாவது தொட்டியை நிரப்புவதும் அதே மோட்டாரின் தலையில்தான் விழுகிறது.

உங்கள் வண்டிக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மோனோ ஆம்ப்ளிஃபயர் கிளாஸ் டி வகை என்று வைத்துக்கொள்வோம். அதன் திறன், அதாவது உள்ளே போகும் வாட்டில் ஸ்பீக்கருக்கு வெளியே வரும் பங்கு, ஏறக்குறைய 80 சதவீதம். 1200 வாட் வெளியே வர 1500 வாட் உள்ளே போக வேண்டும். 13.8 வோல்ட்டில் அது சுமார் 109 ஆம்பியர். 4 சேனல் ஆம்ப்ளிஃபயர் கிளாஸ் ஏபி வகையாக இருந்து மொத்தம் 300 வாட் தந்தால், அதன் திறன் 55 சதவீதம் அளவில் இருக்கும் என்பதால், இன்னொரு 40 ஆம்பியர். ஆக உச்சத்தில் 150 ஆம்பியர் பக்கம். இந்தக் கணக்கெல்லாம் ஆம்ப்ளிஃபயரின் ஆர்எம்எஸ் வாட்டுக்குத்தான், அதாவது அது தொடர்ந்து தரக்கூடிய அளவுக்கு. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் 'மேக்ஸ்' வாட்டை மறந்துவிடுங்கள், அது வெறும் அலங்காரம்.

பாட்டு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை. சாதாரணப் பாட்டுக்குச் சராசரி இழுவை உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, விடாமல் பாஸ் ஓடும் பாட்டுக்கு அதைவிட அதிகம். மூன்றில் ஒன்று என்றே வைத்தாலும் 50 ஆம்பியர். இப்போது வண்டியின் பக்கம் வாருங்கள். ஆல்டர்னேட்டர் 90 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது தரும் அளவு. ஐடிலில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். இன்ஜின் கம்ப்யூட்டர், ஃப்யூயல் பம்ப், ஏசி விசிறி, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து இரவில் 40 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 50. அதாவது சாலையில் ஓடும்போது வரவும் செலவும் சரிக்குச் சரி. சிக்னலில் நின்று சத்தமாகக் கேட்டால் கடன்தான்.

கடனை அடைப்பது பேட்டரி. ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் தந்துகொண்டிருக்கும்வரை பேட்டரி எதையும் கொடுக்காது, வாங்கிக்கொண்டுதான் இருக்கும். இழுவை ஆல்டர்னேட்டரின் எல்லையைத் தாண்டியதும் வோல்டேஜ் இறங்குகிறது, 12.7, 12.8 பக்கம் வந்த பிறகே பேட்டரி கைகொடுக்கிறது. பேட்டரிக்கு உள் மின்தடை ஒன்றும் உண்டு. 5 மில்லி ஓம் உள்ள பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் இழுத்தால் அதற்குள்ளேயே அரை வோல்ட் தொலைந்துவிடும். ஆக 14.2-இல் இருந்த வோல்டேஜ் ஒரு பாஸ் அடியில் 12.2 வரை விழுந்து எழுகிறது. ஹெட்லைட் மங்குவது இந்த விழுந்து எழுதலைத்தான் காட்டுகிறது. இதே தன்மையுள்ள இரண்டாவது பேட்டரி சேர்ந்தால் உள் மின்தடை பாதியாகும், அரை வோல்ட் கால் வோல்ட்டாகக் குறையும், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கேபிளில் போகும் இழப்பும் மிஞ்சும். ஆனால் 14.2-இலிருந்து 12.8-க்கு விழும் அந்த முதல் பள்ளத்தைப் பேட்டரியால் நிரப்ப முடியாது. அதனால்தான் பாதி மருந்து என்றேன்.

இதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். சிறுமம், பெருமம் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதியுள்ள மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. சாதாரண மீட்டர் பாஸ் அடியின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இன்ஜினை ஓட விட்டு, நீங்கள் வழக்கமாக வைக்கும் சத்தத்தில் பாட்டைப் போட்டு, முதலில் முன்பக்கப் பேட்டரியின் இரண்டு முனையிலும் அளங்கள். அடுத்து ஆம்ப்ளிஃபயரின் பிளஸ், மைனஸ் முனைகளில். பேட்டரியில் 13.8-க்குக் கீழே இறங்காமல் ஆம்ப்ளிஃபயரில் 12.5 காட்டினால் குற்றவாளி கேபிள் அல்லது எர்த். பேட்டரி வாங்கினால் இந்தக் குறை மறைந்துகொள்ளும், தீராது. இரண்டு இடத்திலும் சேர்ந்தே 12.3-க்கு விழுந்தால் ஆல்டர்னேட்டர் போதவில்லை என்று அர்த்தம். அப்புறம், ஆம்ப்ளிஃபயரின் மைனஸ் முனைக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே பாட்டு ஓடும்போதே அளங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை. இந்தக் கடைசி அளவை யாருமே எடுப்பதில்லை. என் அனுபவத்தில் பாதி வண்டிகளின் பிரச்சினை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேபிள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாறும் இடம் இது. சுத்தத் தாமிரத்தில் 50 ஸ்கொயர் எம்எம் கேபிளுக்கு (ஜீரோ கேஜ் என்று விற்பது ஏறக்குறைய இதுதான், கணக்குப்படி 53) ஒரு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.35 மில்லி ஓம். 5 மீட்டர் ஓடி 150 ஆம்பியர் போனால் கால் வோல்ட் இழப்பு. 21 ஸ்கொயர் எம்எம், அதாவது 4 கேஜ் என்றால் அதே தூரத்தில் 0.6 வோல்ட். அதே 4 கேஜ் சிசிஏ கேபிள் என்றால் கிட்டத்தட்ட 1 வோல்ட். சிசிஏ என்பது தாமிர முலாம் பூசிய அலுமினியம். வெளியே பார்க்கச் செக்கச்செவேலென்று தாமிரம் மாதிரியே இருக்கும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். தாமிரம் கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அது கடத்தாது. சிசிஏ போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, இரண்டு அளவு தடிமன் கூட்டிப் போட்டால் வேலை செய்யும். தாமிரம் என்று நினைத்து ஃப்யூஸ் கணக்குப் போட்டால்தான் ஆபத்து. இன்னொரு தந்திரமும் உண்டு. கேபிளின் ரப்பர் உறை குண்டாக இருக்கும், உள்ளே கம்பி ஒல்லியாக இருக்கும். வெட்டிய முனையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வெல்டிங் கேபிள் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். மெல்லிய தாமிர இழைகள், நன்றாக வளையும். பெட்ரோல், ஆயில் படும் இடங்களில் மட்டும் மேலே ஒரு உறை போட்டுவிடுங்கள்.

கேபிள் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை, ஆடியோ ஆட்கள் 'பிக் த்ரீ' என்று சொல்லும் மூன்று கேபிள்கள். ஆல்டர்னேட்டர் பிளஸிலிருந்து பேட்டரி பிளஸுக்கு ஒன்று, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு ஒன்று, இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்கு ஒன்று. தயாரிப்பாளர் போட்ட ஒயரைக் கழற்ற வேண்டாம், அதோடு சேர்த்துக் கூடுதலாகப் போடுங்கள். ஆல்டர்னேட்டர் கேபிளுக்கு மட்டும் ஃப்யூஸ் வேண்டும், அதுவும் ஆல்டர்னேட்டரின் அளவைவிடச் சற்றுக் கூடுதலான அளவில். பிக் த்ரீ போட்டதுமே விளக்கு மங்குவது பாதி குறைந்துவிட்டது, பேட்டரி வாங்கும் எண்ணத்தையே கைவிட்டேன் என்று சொன்னவர்கள் உண்டு. உங்களுக்கும் அப்படி ஆனால் நல்லதுதான்.

சரி, பேட்டரிக்கு வருவோம்.

இணைப்பு பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். வோல்டேஜ் 12 ஆகவே இருக்கும், ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு, கூடும். ஒன்றின் பிளஸை இன்னொன்றின் மைனஸில் கொடுத்தால் 24 வோல்ட், அன்றைக்கே ஆம்ப்ளிஃபயருக்குக் கடைசி நாள். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் 24 வோல்ட் லாரியில் இருக்கும் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஆம்ப்ளிஃபயர் ஓட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டு ஓடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் காய்ந்துகொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதிக்கும், சில மாதத்தில் இரண்டும் போய்விடும். லாரியில் 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர்தான் வழி.

எந்தப் பேட்டரி? டிக்கி என்பது ஆட்கள் உட்காரும் இடத்தோடு காற்று கலக்கும் இடம். ஆசிட் ஊற்றும் சாதாரணப் பேட்டரியை அங்கே வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஏஜிஎம் பேட்டரி (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) மூடியது, சாய்ந்தாலும் ஒழுகாது, உள் மின்தடையும் குறைவு. அதிலும் அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வு உண்டு. வாயுக் குழாய் மாட்டத் துளை இருந்தால் குழாயை மாட்டி வண்டிக்கு அடியில் விட்டுவிடுங்கள்.

முன்பக்கம் சாதாரணப் பேட்டரி, பின்பக்கம் ஏஜிஎம் என்று கலக்கலாமா என்பது அடுத்த சந்தேகமாக இருக்கும். இரண்டும் இரவும் பகலும் நேரடியாக இணைந்திருக்கப் போகிறது என்றால் கூடாது. ஒரே வகை, ஒரே வயது, முடிந்தால் ஒரே தயாரிப்பு. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது ஏஜிஎம் 12.8, 12.9 வோல்ட்டில் நிற்கும், சாதாரணப் பேட்டரி 12.6, 12.7-இல் நிற்கும். இரண்டையும் கட்டிப்போட்டால் ஒன்று மற்றதை இரவெல்லாம் சார்ஜ் செய்துகொண்டிருக்கும். நாலு வருடப் பழைய பேட்டரியோடு புதியதைக் கட்டினாலும் அதே கதைதான், பழையது புதியதையும் தன் வயதுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். நடுவில் ஐசோலேட்டர் இருந்தால் சார்ஜ் நேரத்தில் மட்டுமே இரண்டும் சேரும், அதனால் கலப்பது பொறுக்கத்தக்கது.

ஐசோலேட்டர் கட்டாயமா என்றால், இன்ஜின் ஓடும்போது மட்டுமே கேட்பவருக்குக் கட்டாயமில்லை. ஒரே வகைப் பேட்டரி இரண்டை நேரே இணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஒரு பாகம் குறைந்தால் பழுதாக ஒரு பாகம் குறைவு. நீங்கள் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்கிறீர்கள், அதனால் உங்களுக்குக் கட்டாயம்.

அதில் நாலு வகை கிடைக்கும். டயோடு ஐசோலேட்டர் பழைய முறை, 0.7 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். 14.2 போய் 13.5 தான் பின்பேட்டரிக்குச் சேரும், அது முழுசாக சார்ஜே ஆகாது. ஆடியோவுக்கு வேண்டாம். இரண்டாவது, சாவி போட்டதும் மூடிக்கொள்ளும், அதாவது இரண்டு பேட்டரியையும் இணைக்கும், பெரிய ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்). எளிமையானது, மலிவானது, ஆனால் தொடர்ச்சியாக இயங்கும்படி செய்யப்பட்ட ரிலேவாக இருக்க வேண்டும். இங்கேதான் நான் சூடு பட்டேன். முதல் தடவை நான் வாங்கியது பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருந்த ஸ்டார்ட்டர் ரிலே. ஸ்டார்ட்டர் ரிலே சில நொடி இழுத்துப் பிடிக்கத்தான். அரை மணி ஓட்டத்தில் காயில் வார்னிஷ் கருகும் வாசனை வந்தது, ஏதோ பெல்ட் தேய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மறுநாள் காலை இரண்டு பேட்டரியும் காலி. ரிலே வாங்கும்போது தொடர் இயக்கத்துக்கானதா, எத்தனை ஆம்பியருக்கு என்று கேட்டு வாங்குங்கள். ஹாரனுக்குப் போடும் 40 ஆம்பியர் சதுர ரிலே இந்த வேலைக்கு ஆகாது.

சாவி ரிலேயில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஸ்டார்ட் செய்யும் நேரத்திலும் அது மூடியிருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் பின்பேட்டரியிலிருந்தும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கப் பார்க்கும். நடுவில் இருக்கும் ஃப்யூஸ் போகலாம்.

அதனால் என் தேர்வு மூன்றாவது வகை, வோல்டேஜ் பார்த்து இயங்கும் ரிலே. முன்பேட்டரியின் வோல்டேஜ் 13.3 போல ஏறியதும், அதாவது ஆல்டர்னேட்டர் வேலை செய்யத் தொடங்கியதும், தானே மூடிக்கொள்ளும். 12.8 போல இறங்கியதும் திறந்துவிடும். சாவியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு ஆல்டர்னேட்டர் போதாமல் ஒவ்வொரு அடிக்கும் 12.3-க்கு விழுகிறது என்றால் இந்த ரிலே டக் டக்கென்று திறந்து மூடத் தொடங்கும். திறக்கச் சில நொடி தாமதம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முதலில் அளக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

நாலாவது, டிசி-டிசி சார்ஜர். உங்கள் வண்டி சமீபத்தியது என்றால் இதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். புது வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் எப்போதும் 14.2 தருவதில்லை. எரிபொருள் மிச்சம் பிடிக்க, பேட்டரி நிரம்பியதும் 12.5 பக்கம் இறக்கிவிட்டு, பிரேக் பிடிக்கும்போது 15 வரை ஏற்றும். வோல்டேஜ் பார்க்கும் ரிலேவுக்கு இது ஒன்றும் புரியாது. டிசி-டிசி சார்ஜர் உள்ளே வருவது எதுவாக இருந்தாலும் பின்பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜை ஒழுங்காகக் கொடுக்கும். குறை ஒன்றுதான்: 20, 40 ஆம்பியர் என்று அதன் அளவோடு நின்றுவிடும். உச்ச இழுவை முழுக்கப் பின்பேட்டரியிலிருந்தே போகும், சராசரி இழுவை சார்ஜரின் அளவைத் தாண்டக் கூடாது. இப்படிப்பட்ட வண்டிகளில் மைனஸ் முனையிலேயே ஒரு சிறிய சென்சார் உட்கார்ந்திருக்கும். உங்கள் மைனஸ் கேபிளை நேரே பேட்டரி முனையில் மாட்டினால் சென்சாரைத் தாண்டிப் போய்விடும், வண்டியின் கணக்கு தப்பும். பாடியில்தான் மாட்ட வேண்டும்.

லித்தியம் வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது ஆசை காட்டுவார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைவு, வோல்டேஜ் விழாது, எல்லாம் உண்மை. ஓய்வில் 13.3 வோல்ட்டில் நிற்பதால் ஈய பேட்டரியோடு நேரே கட்டக் கூடாது. வோல்டேஜ் பார்க்கும் ரிலேவும் அதைப் பார்த்துவிட்டு இன்ஜின் ஓடுகிறது என்று ஏமாறும். காலியாக இருக்கும்போது ஆல்டர்னேட்டர் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும், ஐடிலில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது. டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி ஒயர் போகும் வழி. தொடங்கும் முன் முன்பேட்டரியின் மைனஸைக் கழற்றி ஓரமாக மடக்கி வைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் கடைசியாக மாட்டுவதும் அதுதான். கையில் மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர் பிளஸையும் பாடியையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் ஓடும், ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

முன்பேட்டரி பிளஸிலிருந்து முழங்கை நீளத்துக்குள், 45 சென்டிமீட்டர் தாண்டாமல், முதல் ஃப்யூஸ். அதன் பக்கத்திலேயே ஐசோலேட்டர், இன்ஜின் சூடு நேரே படாத இடத்தில். அங்கிருந்து தகரச் சுவரைத் துளைத்துக் கேபின் உள்ளே. துளையில் ரப்பர் கிராமெட் (துளை விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் கேபிளை விடவே கூடாது. தகர விளிம்பு வண்டி அதிர அதிர உறையை அறுக்கும். கதவோரப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பக்கமாகக் கொண்டுபோங்கள், ஆடியோ சிக்னல் கேபிளை மறு பக்கமாக. டிக்கியில் பின்பேட்டரியின் பிளஸுக்கு 45 சென்டிமீட்டருக்குள் இரண்டாவது ஃப்யூஸ். பின்பேட்டரி பிளஸிலிருந்து ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பிரியும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ்.

அந்த இரண்டாவது ஃப்யூஸைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கேபிளுக்கு ஒரு ஃப்யூஸ் போதாதா என்று தோன்றும். ஒரே பேட்டரி இருந்தபோது போதும். இப்போது கேபிளின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பேட்டரி. நடுவில் எங்காவது உறை கிழிந்து பாடியில் பட்டால் முன் ஃப்யூஸ் போய்விடும், ஆனால் பின்பேட்டரி அந்த இடத்துக்கு மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும், உங்கள் சீட்டுக்கு அடியில். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம்.

ஃப்யூஸின் அளவு கேபிளைப் பொறுத்தது. ஆம்ப்ளிஃபயரை அது காப்பாற்றுவதில்லை, கேபிள் தீப்பிடிக்காமல் காப்பாற்றுகிறது. 50 ஸ்கொயர் எம்எம் தாமிரத்துக்கு 250 ஆம்பியர் வரை போகலாம், 4 கேஜ் தாமிரத்துக்கு 125 போட்டால் நிம்மதி. உங்கள் உச்சம் 150 என்பதால் முதலிலிருந்து கடைசிவரை 50 ஸ்கொயர் எம்எம் போடுங்கள், இரண்டு பக்கமும் 200 ஆம்பியர் ஏஎன்எல் ஃப்யூஸ் (அதிக ஆம்பியருக்கான பட்டை வடிவ ஃப்யூஸ்). ஐசோலேட்டரும் 200-க்குக் குறையாமல்.

எர்த்துக்கு பிளஸ் கேபிளின் அதே தடிமன். பாடியில் பெயின்டை வெள்ளைத் தகரம் தெரியும்வரை சுரண்டி, லக் (கேபிள் முனையில் நசுக்கி மாட்டும் உலோக வளையம்) வைத்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே துருப்பிடிக்காமல் கிரீஸோ பெயின்டோ பூசுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அது உயிர் காக்க வைத்தது. இரண்டு ஆம்ப்ளிஃபயரின் மைனஸையும் பின்பேட்டரியின் மைனஸிலேயே கொடுங்கள், ஆளுக்கொரு மூலையில் பாடியில் மாட்டினால் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'உய்ய்ய்' சத்தம் ஸ்பீக்கரில் வரும். தகரங்களைப் பசையால் ஒட்டிய புதுவகை பாடி, அலுமினிய பாடி என்றால் மைனஸுக்கும் முன்னிருந்து பின்வரை தனிக் கேபிள் இழுப்பது நல்லது. லக் எல்லாம் ஹைட்ராலிக் கருவியால் நசுக்கியது இருக்கட்டும். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக்கைத் தொட்டுப் பார்த்தால் ஆறு மாதத்தில் சுடும்.

பின்னால் ஒன்றுக்குப் பதில் இரண்டு பேட்டரி வைக்க நினைத்தால் ஒரு சின்ன நுணுக்கம். பிளஸை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸை இரண்டாவதிலிருந்தும், குறுக்காக எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அதுவே அதிகம் உழைத்து முதலில் போகும்.

இணைக்கும் நாளுக்கு முந்தைய நாள் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக முழுசாக சார்ஜ் செய்து, இரவு முழுக்க ஓய்வில் விட்டு, வோல்டேஜ் வித்தியாசம் 0.1-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அரை வோல்ட் வித்தியாசத்தில் இணைத்தால் அந்த நொடியில் 50 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். பேட்டரி 20 கிலோ எடை, அதைப் பெல்ட் போட்டுக் கட்டினால் போதாது. பாடியோடு போல்ட் செய்த இரும்புத் தட்டில் இறுக்கி, பிளஸ் முனைக்கு மூடி போடுங்கள். விபத்தில் அது பின்சீட்டைத் துளைத்துக்கொண்டு வரும்.

இன்ஜின் அணைத்த நிலையில் எவ்வளவு நேரம் கேட்கலாம்? மிதமான சத்தத்தில் சராசரி 20 ஆம்பியர் போகிறது என்றால், 70 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பாதியைத்தான் நம்பிச் செலவு செய்யலாம், அதாவது ஒன்றேமுக்கால் மணி நேரம். ஏஜிஎம்மில்கூட அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் சரியும். பின்பேட்டரியில் ஒரு சிறிய வோல்ட்மீட்டரை மாட்டி டாஷ்போர்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாட்டு ஓடும்போது 12-ஐத் தொட்டால் நிறுத்திவிடுவது நல்லது. பிறகு அந்த 35 ஆம்பியர் ஹவரைத் திருப்பி ஏற்ற அரை மணி ஓட்டம் போதாது. மேலே உள்ள கடைசி 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், மணிக்கணக்கில் ஆகும். பக்கத்து ஊருக்கு மட்டும் ஓட்டுபவர் வாரம் ஒருமுறை வீட்டு சார்ஜரில் போட்டு எடுத்தால், பேட்டரி சல்பேட் பிடித்துச் சாகாது.

கெப்பாசிட்டர் விஷயம் பாக்கி. 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 13-க்கு இறங்கும்போது தரும் ஆற்றல் ஏறக்குறைய 19 ஜூல். உங்கள் மோனோ ஆம்ப்ளிஃபயர் உச்சத்தில் நொடிக்கு 1500 ஜூல் கேட்கிறது. அதாவது ஒரு நொடியில் எண்பதில் ஒரு பங்கு நேரம் தாங்கும். ஒரு பாஸ் அடி அதைவிடப் பல மடங்கு நீளம். 'போதும்' என்று சொன்னவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நீல விளக்கோடு வோல்டேஜ் காட்டுவதால் டிக்கியில் பார்க்க அழகாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

எல்லாம் மாட்டியபின் ஒரு சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாட்டு ஓட விடுங்கள். முன்பேட்டரி 12.6-க்குக் குறையாமல் அசையாமல் நிற்க வேண்டும், பின்பேட்டரி மட்டும் மெல்ல இறங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இறங்கினால் ஐசோலேட்டர் திறக்கவில்லை. பிறகு ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் பொறுத்து அளந்தால் இரண்டிலும் 0.2 வோல்ட்டுக்குள் ஒரே அளவு காட்ட வேண்டும். அரை மணி சத்தமாக ஓட்டிவிட்டு, பாட்டை நிறுத்தி, ஒவ்வொரு லக்கையும் ஃப்யூஸ் முனையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதைக் கழற்றி மறுபடி நசுக்குங்கள். இரண்டு வாரம் கழித்து எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பேனரால் முறுக்கிப் பாருங்கள், ஒன்றிரண்டு கால் சுற்றாவது கொடுக்கும்.